ராக்காயி கைப் போணி

கைராசியாவது மண்ணாவது என்று சொல்லுகிறவர்கள் பெருமாள்மலை முக்கில் ஒரு நாளாவது கடை போட்டிருக்க மாட்டார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் ரோடும் பழனியிலிருந்து வரும் ரோடும் சேர்ந்து கொடைக்கானலுக்குப் போகிற இடம் அது. ரோட்டோரமாக வரிசையாகத் தகரக் கூரைக் கடைகள். பூண்டு, பேரிக்காய், பட்டர் ஃப்ரூட், கேரட், வேகவைத்த மக்காச்சோளம். எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒரே சரக்கு, ஒரே விலை. பிறகு ஒரு கார் இந்தக் கடையைத் தாண்டிப் போய் அந்தக் கடை முன்னால் நிற்கிறதே, அது எதனால்? காரில் இருப்பவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. ராசி. வேறென்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

அந்த ராசி ராக்காயியின் கையில் இருந்தது. பூம்பாறைக்காரி. புருஷன் மணியன் மேலே ஊரில் பூண்டு போடுகிறான். இவள் பெருமாள்மலையில் ஓர் அறை எடுத்துத் தங்கி அதை விற்கிறாள். வாரத்துக்கொருமுறை அவன் ஜீப்பில் மூட்டையோடு இறங்கி வருவான். ஒரு பொழுது இருந்து சண்டை போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஏறிப் போவான். நல்ல குடும்பம்தான். ராக்காயியின் வாய் இருக்கிறதே, அது பூண்டைவிடக் காரம். ஆனால் கை குளிர்ந்த கை.

அது எப்படித் தெரிய வந்ததென்றால், அவள் கடை போட வந்த புதிதில் ஒரு நாள் விடியற்காலையில் பக்கத்துக் கடையில் சட்னிக்கு நாலு பச்சை மிளகாய் வாங்கினாள். அன்றைக்கு அந்தக் கடையில் மதியத்துக்குள் தட்டு காலி. மறுநாள் அந்தக் கடைக்காரி கூப்பிட்டுப் போணி பண்ணச் சொன்னாள். நாளின் முதல் வியாபாரம் நல்ல கையால் நடந்தால் அன்று முழுவதும் நன்றாக ஓடும் என்பது இங்கே எல்லோரும் அறிந்த விஷயம். அதற்கடுத்த நாள் அடுத்த கடை. பிறகு வரிசை மொத்தமும். காலையில் தன் கடையைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கடையிலும் ஏதாவது ஒரு மிளகாயோ கேரட்டோ எடுத்துக்கொண்டு ஒற்றை ரூபாயை உள்ளங்கையில் வைப்பாள். அதை அவர்கள் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டுக்கொள்வார்கள். இந்த மரியாதை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. படிப்பில்லை, சொத்தில்லை, பிள்ளையில்லை. நாலு பேர் விடிந்ததும் தன் முகத்தைத் தேடுகிறார்கள் என்பது ஒன்றுதான் அவளுக்குப் பெருமை.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனிகள் மலையேறி வந்தன.

முதலில் கார்டு தேய்க்கும் மெஷின். அதில் ஆயிரம் தொல்லை. கடன் கார்டு என்றால் கம்பெனி ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். விசாவுக்கு ஒரு கணக்கு, மாஸ்டருக்கு ஒரு கணக்கு. ரூபே டெபிட் கார்டு என்றால் கடைக்காரரிடம் பிடிக்கக் கூடாதென்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அதனால் காரிலிருந்து இறங்குகிறவர் பர்ஸைத் திறந்தாலே நம் பெண்கள் எட்டிப் பார்த்து எந்தக் கார்டு என்று நோட்டம் விடப் பழகிக்கொண்டார்கள். பிறகு போனில் படம் பிடித்துக் காசு போடும் கட்டம் போட்ட அட்டை வந்தது. அதற்கும் கமிஷன் இல்லை. எந்தக் கம்பெனி ஆப்பிலிருந்தும் எந்தக் கம்பெனி அட்டைக்கும் காசு போகலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கமிஷனும் கிடையாது, வாடிக்கையாளரைக் கட்டிவைக்கவும் முடியாது என்றால் கம்பெனிக்காரன் என்ன செய்வான்? கடைகளைப் பிடிக்க அலைந்தான். ஒரு கம்பெனி ஆள் ஒட்டிவிட்டுப் போன அட்டையை மறுநாள் இன்னொரு கம்பெனி ஆள் நகத்தால் சுரண்டிவிட்டுத் தன்னுடையதை ஒட்டினான். ராக்காயி கடைத் தூணில் பெயின்ட்டே போய்விட்டது.

"காசு வாங்காம எதுக்குத் தம்பி பெட்டி குடுக்குறீங்க? ஓசியில எவன் என்ன குடுத்தாலும் எனக்குப் பயமா இருக்கு" என்று அவள் கோகுல்ராஜிடம் கேட்டாள். கோகுல்ராஜ் வத்தலக்குண்டுக்காரன்; ஒரு கம்பெனியின் ஏஜென்ட். மஞ்சள் நிறத்தில் பேசும் பெட்டி ஒன்றைக் கடைகடையாக விநியோகித்துக்கொண்டிருந்தான். காசு வந்தால் அந்தப் பெட்டி வாய்விட்டுச் சொல்லும். அவன் நல்ல பையன்தான், பாவம். மாதத்துக்கு இத்தனை கடை என்று மேலே இருந்து நெருக்கடி. ராக்காயி வாங்கினால் வரிசையே வாங்கும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் அவளிடம்தான் நிறையப் பேசினான். வாடகை கிடையாது என்றான். காலையில் வெள்ளனே வரும் முதல் வரவுக்குக் கடைக்கு ஊக்கத்தொகை உண்டு, அனுப்புகிறவருக்குப் பரிசு உண்டு என்றான். போட்டிக் கம்பெனியை முந்த அவர்கள் கண்டுபிடித்த வழி அது. ராக்காயி பரிசைப் பற்றிக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெட்டி தமிழ் பேசுகிறது என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. வாங்கினாள். வரிசையும் வாங்கியது.

மார்கழிப் பனி வந்தது. பெருமாள்மலையில் மார்கழி என்றால் தண்ணீர்க் குழாயில் கை வைக்க முடியாது. ராக்காயி கம்பளியைப் போர்த்திக்கொண்டு தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபடி ஒரு நாள் யோசித்தாள். போனிலிருந்தே ஒற்றை ரூபாயைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிப் பார்த்தாள். பெட்டி சத்தமாகச் சொன்னது. அந்தக் கடைக்காரி சிரித்துக்கொண்டே பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த கடைக்கு அனுப்பினாள். அதற்கடுத்த கடைக்கு. பனிக்குள் வரிசை நெடுகப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசிக்கொண்டே போயின. எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. அன்று முதல் போணி போனுக்கு மாறியது. எழுந்து போவதும் இல்லை, மிளகாய் எடுப்பதும் இல்லை. தினமும் விடிந்ததும் ஒரு ரூபாய், ஒரு ரூபாய், ஒரு ரூபாய். ராக்காயி செய்த தப்பு அவ்வளவுதான். பனிக்குச் சோம்பல் பட்டாள்.

எங்கோ ஒரு பெரிய ஊரில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்குக் கைராசி தெரியுமா, மார்கழிப் பனி தெரியுமா? அதற்குத் தெரிந்ததெல்லாம் திருட்டு. ஊக்கத்தொகைக்காகக் கடைக்காரர்களே ஆள் வைத்துப் பொய்யாக ஒரு ரூபாய் அனுப்பிக்கொள்ளும் கூட்டங்கள் நாட்டில் இருக்கின்றனவாம். அவர்களைப் பிடிக்க வேண்டும் என்பது கம்பெனிகளுக்கு மேலிடத்து உத்தரவு. கம்ப்யூட்டரும் பிடித்தது. சீசன் தொடங்க இன்னும் கொஞ்ச நாளே இருக்கும் நேரத்தில் வரிசைக் கடைகளுக்கு வந்த காசு பாங்குக்குப் போய்ச் சேரவில்லை. பெட்டி வழக்கம்போல வந்தது வந்தது என்று சொன்னது. பாங்கில் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை.

கோகுல்ராஜ் பைக்கை விட்டு இறங்கும்போதே முகத்தில் ஈயாடவில்லை. கணக்கெல்லாம் ஆய்வில் இருக்கிறதாம். போலிப் பரிமாற்றம் என்று சந்தேகமாம். தினமும் ஒரே வேளையில், ஒரே தொகை, ஒரே ஆளிடமிருந்து எல்லாக் கடைக்கும் வந்திருக்கிறதாம். யார் அந்த ஆள் என்று கேட்டார்கள். அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பயத்தில் சொல்லிவிட்டான்.

"இந்த அக்கா நம்பருங்க."

வரிசையே ராக்காயியைத் திரும்பிப் பார்த்தது. விடிந்ததும் தேடுகிற அதே முகங்கள்தான். ஆனால் இது வேறு பார்வை.

மக்காச்சோளக் கடை ஞானம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். ஞானம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கப்பலில் வந்து இறங்கி, யாரோ நீட்டிய தாளில் நம்பிக் கைநாட்டு வைத்து, வரவேண்டிய உதவியெல்லாம் வேறெங்கோ போய்விட, வெறுங்கையோடு மலையேறியவர்கள். அதனால் காசு விஷயத்தில் அவளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. ராக்காயி மேல் மட்டும் வைத்திருந்தாள். அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

"நம்பித் தானே கை நீட்டுனோம். இவ பரிசு வாங்கத்தான் தெனமும் விடிஞ்சதும் நமக்கு ரூபா போட்டாளாக்கும். இனிமே எங் கடைக்கு அந்தக் கை வேணாம்" என்றாள் ஞானம்மா.

ராக்காயி வாய்க்குப் பேர் போனவள்தான். ஆனால் இவர்களுக்காகத்தானே அனுப்பினேன் என்று சொல்ல வாயெடுத்தால் அழுகை வரும் போலிருந்தது. அழுதால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை யாரும் அவளை வராதே என்று சொல்லவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார்கள். டீ குடிக்க நிறுத்திய லாரி டிரைவரைக் கூப்பிட்டு ஞானம்மா அவன் கையால் போணி வாங்கினாள். அடுத்த கடைக்காரி பால்காரரிடம் வாங்கினாள். ராக்காயி தன் ஸ்டூலில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுபோன காசு என்றைக்காவது வரும். ராசியில்லாதவள், அதுவும் திருடி என்று ஒரு பேர் வந்தால், அந்தப் பேரோடு இந்த ரோட்டில் எப்படி உட்கார்ந்திருப்பது? அவளுக்கு வேண்டியது அந்தப் பேரை அழிப்பது. அதற்கு யாரைப் போய்ப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது, இரண்டை அழுத்தச் சொன்னது, பாட்டுப் போட்டது. ராக்காயி பாட்டைக் கேட்டுக்கொண்டே பூண்டுத் தாளெல்லாம் உரித்து முடித்தாள். கடைசியில் ஓர் ஆள் வந்து, ஆய்வில் இருக்கிறது மேடம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மறுநாளும் அதே பாட்டு, அதே பதில். அவனை என்னென்ன திட்டினாள் என்பதை இங்கே எழுத முடியாது.

மணியன் மூட்டையோடு வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இந்தச் சோலியே வேண்டாம், மூட்டை கட்டு, ஊருக்குப் போய்க் காட்டைப் பார்ப்போம் என்றான். அவனுக்கு எப்போதும் மலைக்கு மேலே ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

"வரேன். ஆனா திருடின்னு பேரோட ஏறி வரமாட்டேன்" என்றாள் ராக்காயி. அன்றைக்கு அவர்கள் சண்டைகூடப் போடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சத்தியபிரியா வந்தாள். கொடைக்கானலில் ஒரு பாங்கில் வேலை. டிஜிட்டல் ரூபாய் என்று ஒன்றைப் பழக்கப்படுத்துவதற்காகக் கடைவீதிகளில் இறங்கியிருந்தாள். வரிசையில் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. கம்பெனி, பாங்கு, பெட்டி என்ற பேரைக் கேட்டாலே எல்லோருக்கும் எரிச்சல். ராக்காயி ஒருத்திதான் பூண்டு மூட்டையைத் தள்ளி இடம் கொடுத்தாள். எதிரியிடமிருந்தாவது ஒரு வழி தெரியாதா என்ற நினைப்பு.

அன்றைக்கு மஞ்சு இறங்கி டவர் போய்விட்டது. மஞ்சு என்றால் இங்கே மூடுபனி. எதிரே நிற்கும் பஸ்ஸே தெரியாது. சத்தியபிரியா இரண்டு போன்களை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் காட்டினாள். டவர் இல்லாமலே ஒரு போனிலிருந்த ஒரு ரூபாய் மறு போனுக்குப் போனது. மற்றதெல்லாம் பாங்குக்கு நாம் சொல்லிவிடும் தகவல்தான், பாங்குதான் காசை மாற்றும். இது அப்படியில்லை, இதுவே காசு, ரிசர்வ் வங்கி அடிக்கிற நோட்டு மாதிரி, தாளுக்குப் பதிலாகப் போனில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினாள். போனைத் தொலைத்தால் பர்ஸைத் தொலைத்த மாதிரிதான் என்றும் மறைக்காமல் சொன்னாள். ராக்காயிக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. காசைக் கையில் வைத்துப் பழகியவள் அல்லவா?

"இதுவும் ஒரு நாளைக்கி என்னயக் கூப்புட்டு நீ திருடின்னு சொல்லுமா, தாயி?" என்று கேட்டாள்.

சத்தியபிரியா திடுக்கிட்டு என்ன நடந்தது என்று விசாரித்தாள். ராக்காயி ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டு முடித்ததும் அந்தப் பெண் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. காவல் என்று ஒன்று இருந்தால் தப்பான ஆளும் சிலசமயம் மாட்டத்தான் செய்வார்கள், ஆனால் மாட்டியவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது என்றாள். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காசு செலவில்லை. வக்கீல் வேண்டாம். தமிழிலேயே எழுதலாம்.

ராக்காயி அப்போதுதான் பழையபடி ராக்காயி ஆனாள். "நீ எனக்கு அதை எழுதிக் குடு. நான் உன்னோட ரூபாய முத ஆளா வாங்கிக்கிறேன். மத்தவளுகளயும் கூட்டிட்டு வாரேன். ஆனா எழுத்து மொதல்ல" என்றாள். பேர் போய் நிற்கிற நேரத்திலும் பேரத்தை விடுகிறாளா பாருங்கள். சத்தியபிரியாவுக்கும் கடை பிடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதி, ராக்காயிக்குப் படித்துக் காட்டி, மஞ்சு விலகி டவர் வந்ததும் போனிலேயே அனுப்பினாள்.

புகார் போன சேதி கோகுல்ராஜுக்குத் தெரிந்தது. பாங்குக்காரப் பெண் வரிசையில் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. அது போதாதென்று இன்னொரு கம்பெனி ஆள், சீசனுக்கு முன்னால் வரிசை மொத்தத்துக்கும் தன் பெட்டியைத் தருவதாகச் சொல்லிக்கொண்டு தினமும் பைக்கில் சுற்றினான். கோகுல்ராஜ் பாவம், எல்லாவற்றையும் மேலே சொன்னான். நாள்கணக்கில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த கம்பெனிக்கு வாரம் முடிவதற்குள் மலையேறத் தெரிந்துவிட்டது. புகாருக்குப் பயந்து வந்தார்களா, போட்டிக்குப் பயந்து வந்தார்களா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். விதி மட்டும் இருந்தால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். போட்டி மட்டும் இருந்தால் அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். ராக்காயியின் பேர் அப்படியே கிடந்திருக்கும். இரண்டும் சேர்ந்து நெருக்கியதில்தான் ஜெயச்சந்திரன் என்கிற ஆய்வு அதிகாரி மதுரையிலிருந்து வந்து இறங்கினார்.

அவர் முரட்டு ஆள் இல்லை. ராக்காயி காட்டிய மூட்டை மேல் உட்கார்ந்து, எதற்காக எல்லோருக்கும் ஒரு ரூபாய் அனுப்பினீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். அவள் சொன்னாள். போணி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும், மதுரைக்காரர்தானே. ஆனால் ஒருத்தியே ஒரு வரிசைக்கு, அதுவும் போனில் போணி பண்ணுவாள் என்பதை அவர் கேள்விப்பட்டதில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர நம்பின மாதிரித் தெரியவில்லை. நல்ல கதையோடு வருகிற திருடர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். போனைக் கேட்டு வாங்கினார். ஆப்பைத் திறந்து எதையோ தேடினார். பிறகு விரலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

அனுப்பிய ஒவ்வொரு ரூபாய்க்கும் பதிலாகக் கம்பெனி அவளுக்கு ஒரு பரிசுக் கட்டம் அனுப்பியிருந்தது. விரலால் தேய்த்தால் உள்ளே இருக்கும் காசு அவள் கணக்குக்கு வரும். மார்கழியிலிருந்து வந்த கட்டங்கள் எல்லாம் தேய்க்கப்படாமல் அப்படியே அடுக்கியிருந்தன. பாதி காலாவதியாகியிருந்தது. இதற்காகத்தான் ஊரில் திருட்டே நடக்கிறது, இதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்.

ராக்காயிக்குக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "போணி பண்ணுன கை காசைத் திரும்ப வாங்கக் கூடாதுங்க, சார். வாங்குனா அந்த ராசி கடைக்குப் போகாது. எங்கிட்டயே நின்னுரும். அப்பறம் அவளுக யாவாரம் என்னாகுறது?"

ஜெயச்சந்திரன் அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு, எங்கள் கம்ப்யூட்டருக்குத் திருடனைத் தெரியும், உங்களைத் தெரியாதம்மா, தப்பு எங்கள் பேரில்தான் என்று தணிந்த குரலில் சொன்னார். காலைப் பரிசுத் திட்டத்தையே நிறுத்தச் சொல்லப் போவதாகவும் சொன்னார். இனிமேல் வெறுமனே ரூபாய் போடாதீர்கள், ஏதாவது ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போடுங்கள், அப்படி வாங்கினால் அது வியாபாரம், யாரும் கேட்க முடியாது என்றும் சொல்லிவிட்டு எழுந்தார்.

ராக்காயி விடவில்லை. "எங்கிட்டச் சொன்னா பத்தாதுங்க. அந்தா நிக்கிறாளுகள்ல, அவளுககிட்ட வந்து சொல்லுங்க" என்றாள்.

அவர் போனார். வரிசையின் நடுவில் நின்று, இந்த அம்மா உங்களை ஏமாற்றவில்லை, ஒரு பைசா எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லிக் கொடுத்ததைக்கூடத் தொடவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். காசு பாங்குக்கு வந்துவிடும் என்றார். ஞானம்மா பானைக்குள் மக்காச்சோளத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அதற்குப் புரட்ட ஒன்றுமில்லை. அது எப்போதோ வெந்துவிட்டது.

காசு வந்தது. பெட்டியும் பாங்கும் ஒத்துப் போயின. கொடுத்த வாக்குப்படி ராக்காயி டிஜிட்டல் ரூபாயைப் போனில் ஏற்றிக்கொண்டாள்; அவளைப் பார்த்து வேறு சிலரும் சத்தம் போடாமல் ஏற்றிக்கொண்டார்கள். எல்லாம் சரியானது போலத்தான் இருந்தது. போணி மட்டும் வரவில்லை. தானாகப் போய்க் கை நீட்ட அவளுக்கு மனசில்லை. கூப்பிட அவர்களுக்கு முகமில்லை. டிரைவர்களும் பால்காரரும் போணி பண்ணிக்கொண்டிருந்தார்கள். ராக்காயிக்கு அது ஒவ்வொரு காலையும் வலித்தது. அதிகாரியின் வாயால் குற்றம் போனது. கையின் மேல் விழுந்த சந்தேகம் போகவில்லையோ என்று அவள் தன் கையையே வெறித்துப் பார்ப்பாள்.

சீசனின் முதல் சனிக்கிழமை. கார்கள் ராத்திரியே கிளம்பி வந்துவிடும் நாள். ராக்காயி வேண்டுமென்றே நேரம் கழித்து வந்தாள். டிரைவர் போணியைக் கண்ணால் பார்க்க வேண்டாமே என்றுதான். மஞ்சு இறங்கி ரோடு வெள்ளையாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சாக்கைப் பிரித்துப் பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏதோ குறைகிறது என்று பட்டது. கார்கள் நின்றிருந்தன. கதவுகள் திறந்திருந்தன. ஆட்கள் கடைகளின் முன்னால் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். தராசு எங்கேயும் ஆடவில்லை. டவர் போய்ப் பெட்டிகள் மறுபடியும் மக்கர் செய்கின்றன என்று நினைத்து எட்டிப் பார்த்தாள்.

ஞானம்மா கடையில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. ஈரோட்டுப் பக்கம் போலிருக்கிறது பேச்சு. பிள்ளைகள் மக்காச்சோளத்துக்கு அழுதன. அந்த அப்பா பொறுமை போய், எவ்வளவு நேரம்தான் நிற்பது, கையில் காசாகவே தருகிறேன், முதலில் வந்ததும் நாங்கள்தானே என்று கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க, தொரை. நீங்க வாங்குறது யாவாரம். போணி வேற. அதுக்கு எங்களுக்கு ஆள் இருக்காங்க தானே. அவங்க இப்பத்தான் வந்திருக்காங்க" என்றாள் ஞானம்மா.

ராக்காயி அடுத்த கடையைப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான். அதற்கடுத்த கடையிலும். சீசன் சனிக்கிழமை, காரும் காசும் வாசலில் நிற்கின்றன, வரிசை முழுவதும் ஒருத்திகூட விற்கவில்லை. எல்லோரும் அவள் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவளுக்குப் புரிந்தபோது கண் நிறைந்து எதிரே இருந்த பூண்டே தெரியவில்லை. அன்றைக்கு அடக்கிய அழுகை இப்போது தாராளமாக வந்தது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள்.

ஞானம்மா பானையிலிருந்து நல்ல கதிராக ஒன்றை எடுத்து, உப்பும் மிளகாயும் தடவி, இரண்டு கையாலும் நீட்டினாள். ராக்காயி வாங்கிக்கொண்டாள். டவர் இல்லை. ஞானம்மா முந்தானைக்குள்ளிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள். அவளும் அந்தப் புது ரூபாயை ஏற்றி வைத்திருக்கிறாள் என்பது ராக்காயிக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு போனும் தொட்டுக்கொண்டன. ஒற்றை ரூபாய் போனது.

"இந்தக் கை வேணாம்னியே, அக்கா" என்றாள் ராக்காயி.

"சொன்னேன். நாந்தான் சொன்னேன்" என்று ஞானம்மா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றிய கையை எடுக்கக் கொஞ்ச நேரமானது. "எல்லாருக்கும் கேக்கத் தானே சொன்னேன். இன்னைக்கி எல்லாரும் பாக்கத்தான் காத்து நிக்கிறேன். போ, ராக்காயி, வெரசாப் போ. அவளுக கை நீட்டிட்டு நிக்கிறாளுக."

ராக்காயி அடுத்த கடைக்கு நடந்தாள். பின்னால் ஞானம்மா அந்த ஈரோட்டுப் பிள்ளைகளுக்குக் கதிர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள்.